எரியாத கூரை

எங்கள் காலனியில் கூரையைப் பிரித்துவிட்டு முதன்முதலாகச் சீட்டு போட்ட நாலைந்து வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. டிராக்டரில் வந்து இறங்கிய சாம்பல் நிறச் சீட்டுகளைச் சுற்றி நின்று பிள்ளைகள் நாங்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். "இனிமே வருசா வருசம் கீத்து மாத்த வேணாம், ஒழுவாது" என்றார் நைனா. ஆயா சொன்னது வேறு: "கொளுத்துனாலும் எரியாதுடா."

ஆயா சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது. கூரை வீடு என்பது சேரிக்காரருக்கு வெறும் ஏழ்மையின் அடையாளம் இல்லை. ஊர்க்காரன் கோபம் வந்தால் ஒரு தீக்குச்சியில் முடித்துவிடக்கூடியது அது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் வைத்து 44 பேரைக் கொளுத்தினார்கள். கூலி நெல் கூடுதலாகக் கேட்டு சங்கம் வைத்ததுதான் அவர்கள் செய்த குற்றம். அதற்கு முன்னும் பின்னும் எரிந்த சேரிகள் எத்தனையோ. ஆக, எரியாத கூரை எங்களுக்கு வசதி மட்டும் அல்ல. ராத்திரியில் நிம்மதியாகக் கண்ணை மூடுவதற்கான ஒரு ஏற்பாடு.

அந்தக் கூரையைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். எழுத வைத்தது வேறொரு சம்பவம். சில வருடங்களுக்கு முன் பக்கத்து டவுனில் வசதியான குடும்பம் ஒன்று தன் பழைய வீட்டைப் புதுப்பித்தது. பின்கட்டு, மாட்டுக்கொட்டகை, மாடியில் போட்ட ஷெட் எல்லாம் பழைய சிமெண்ட் சீட்டு. பிரிக்கும் வேலையை மேஸ்திரி எங்கள் காலனிப் பையன்களுக்குத்தான் கொடுத்தார். என் சித்தப்பா மகனும் போனான். போல்ட்டு துருப்பிடித்துக் கழலவில்லை. சம்மட்டியால் அடித்து உடைத்து மேலேயிருந்து கீழே தள்ளினார்கள். சாயங்காலம் வந்தபோது தலை, புருவம், கைமயிர் எல்லாம் மாவு பூசின மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் குடும்பம் அந்த ஒரு வாரமும் சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கியிருந்தது. "தூசு ஆவாதாம்" என்று தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்.

உடையாமல் தப்பிய சீட்டுகளைக் கூலியோடு சேர்த்து, "நீங்களே எடுத்துக்கோங்கப்பா" என்று கொடுத்துவிட்டார்கள். அவை காலனிக்கு வந்து நாலு வீட்டுக்குச் சமையல்கட்டுக் கூரையாகவும் இரண்டு வீட்டுக்குக் குளிக்கிற மறைப்பாகவும் ஆயின. உடைந்த சில்லுகளைக் காலனிக்கு வரும் பாதையின் பள்ளத்தில் கொட்டி மேலே மண் போட்டார்கள். மழை பெய்தால் சில்லு மேலே வருகிறது. பிள்ளைகள் அதை எடுத்து சிமெண்ட் ரோட்டில் கோடு போட்டுப் பாண்டி ஆடுகிறார்கள். சாக்பீஸ் மாதிரி நன்றாக எழுதும்.

இதே வேலையை, அதாவது பழைய வீட்டைப் புதுப்பிக்கும் முன் கல்நார்ப் பொருளைக் கண்டுபிடித்து அப்புறப்படுத்தும் வேலையை, இங்கிலாந்தில் எப்படிச் செய்கிறார்கள் என்று படித்தபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு, அந்த முறை அங்கே எப்படி வந்தது, யார் செத்து வந்தது என்று தேடினேன். அந்தத் தேடலின் பதிவு இது.

*

கல்நார் என்பது நல்ல தமிழ்ப் பெயர். கல்தான், ஆனால் நாராகப் பிரியும். பஞ்சு மாதிரி திரிக்கலாம், நெய்யலாம். ஆஸ்பெஸ்டாஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு அணைக்க முடியாதது என்று பொருள். வெள்ளை, பழுப்பு, நீலம் என்று மூன்று வகை முக்கியமாக விற்பனைக்கு வந்தன. நீராவி எந்திரமும் கொதிகலனும் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூடு தாங்கும் பொருளாகக் கல்நார் ஐரோப்பிய முதலாளிகளுக்குத் தேவைப்பட்டது. 1900ஐ ஒட்டி ஆஸ்திரியாவில் லுட்விக் ஹாட்செக் என்பவர் சிமெண்டோடு கல்நாரைக் கலந்து மெல்லிய தகடாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். நம் தலைக்கு மேலே இருக்கும் அலை அலையான சீட்டு அதன் வாரிசு. அதில் பெரும்பகுதி சிமெண்ட், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கல்நார்.

இந்த நார் உடையும்போது குறுக்கே உடைவதில்லை. நீளவாட்டில் பிளந்து மேலும் மேலும் மெல்லியதாகிறது. கண்ணுக்குத் தெரியாத ஊசி. மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் அதைக் கரைக்கவோ வெளியேற்றவோ உடம்பால் முடியாது. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோய் இன்னொன்று. நுரையீரலையோ வயிற்றையோ சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் மூன்றாவது. தூசு பட்ட நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் நடுவில் இருபது, முப்பது, நாற்பது வருடம் கூட ஓடிவிடும். முதலாளிக்கு இதைவிட வசதியான நோய் கிடையாது. நோய் வரும்போது வேலைக்காரன் வேறெங்கோ இருப்பான், மஸ்டர் ரோல் கிழிந்து போயிருக்கும்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. 1898லேயே லூசி டீன் என்ற பெண் தொழிற்சாலை ஆய்வாளர் கல்நார்த் தூசின் தீங்கைத் தன் அறிக்கையில் எழுதினார். மறுவருடம் லண்டனில் டாக்டர் மாண்டேக் மர்ரேயிடம் ஒரு கல்நார்த் தொழிலாளி வந்தார். ஒரே அறையில் வேலை செய்த பத்துப் பேரில் தான் மட்டும்தான் மிச்சம், மற்றவர்கள் முப்பது வயதை ஒட்டிப் போய்விட்டார்கள் என்றார். அவரும் அடுத்த வருடம் இறந்தார். மர்ரே இதை 1906இல் அரசுக் குழுவின் முன் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள்.

ரோச்டேல் என்ற ஆலை நகரத்தில் நெல்லி கெர்ஷா என்ற பெண் டர்னர் பிரதர்ஸ் கம்பெனியில் கல்நார் நூற்றார். மூச்சு முட்டி 1922இல் வேலையை விட்டார். கல்நார் நஞ்சு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அப்படி ஒரு நோய் இழப்பீட்டுச் சட்டப் பட்டியலிலேயே இல்லை என்று கம்பெனி கைவிரித்தது. 1924 மார்ச்சில் 33 வயதில் செத்தார். அடக்கச் செலவுக்குக் கூட கம்பெனி காசு தரவில்லை. கல்லறைக்குப் பெயர்ப் பலகை இல்லை. அவருடைய நுரையீரலைச் சோதித்த டாக்டர் வில்லியம் குக் அதே வருடம் மருத்துவ இதழில் எழுதினார். 1927இல் நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர் வைத்ததும் அவரே. பெயர் இல்லாத கல்லறையில் கிடந்த பெண்ணின் நெஞ்சிலிருந்துதான் நோய்க்குப் பெயர் வந்தது.

பிறகு அரசு எழுந்தது. மெரிவெதர் என்ற டாக்டரும் பிரைஸ் என்ற பொறியாளரும் 1930இல் அறிக்கை கொடுத்தார்கள். சோதித்த 363 தொழிலாளர்களில் 95 பேருக்கு நுரையீரல் தழும்பேறியிருந்தது. 1931இல் விதிமுறைகள் வந்தன. ஆனால் அவை தொழிற்சாலைக்குள் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும். கப்பலில் குழாய்க்கு உறை போட்டவர்கள், கட்டடத்தில் சீட்டு அறுத்தவர்கள் யாரும் அந்த விதிக்குள் வரவில்லை. 1969 வரை காத்திருந்தார்கள். சட்டம் ஒரு கோடு போட்டது. கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் நாற்பது வருடம் தூசு தின்றார்கள்.

*

இங்கிலாந்தின் தொழிலாளி கதையே இப்படி என்றால், கல்நார் வெட்டப்பட்ட நாட்டின் கறுப்பர் கதை என்ன? கேப் ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி 1893இல் லண்டனில் தொடங்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்கா, குருமான் பகுதிகளில் நீலக் கல்நார், வடக்கே பெங்கேயில் பழுப்புக் கல்நார். ஆண்கள் பாறையை வெட்ட, பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து சுத்தியலால் தட்டி நாரைப் பிரித்தார்கள். குடும்பமே வேலை செய்யும், கணக்கு ஒருவர் பெயரில் இருக்கும். நம்மூர் செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் நாம் பார்த்த அதே கூலி முறை.

கெரிட் ஸ்கெப்பர்ஸ் என்ற அரசு மருத்துவர் 1940களின் இறுதியில் பெங்கேயில் கண்டதைப் பின்னாளில் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார். பெரிய சாக்குகளுக்குள் கறுப்புப் பிள்ளைகளை இறக்கிவிட்டிருந்தார்கள். மேலேயிருந்து கல்நார்ப் பஞ்சு நாள் முழுக்க அவர்கள் தலையில் கொட்டும். பிள்ளைகள் அதைக் காலால் மிதித்து அமுக்க வேண்டும். நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள சாட்டையோடு ஒரு கங்காணி. அந்தச் சாக்குகள்தான் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின.

1960இல் வாக்னர் என்ற நோய்க்கூறு மருத்துவரும் கூட்டாளிகளும் 33 மீசோதெலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை மருத்துவ உலகத்தைக் கலக்கியது. ஏனென்றால் அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள். நீலக் கல்நார்க் குவியல்களுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள், சின்ன வயதில் அதன் மேல் விளையாடியவர்கள். இதைப் படித்தபோது எங்கள் பாதையில் பாண்டி ஆடும் பிள்ளைகள் கண்முன் வந்து நின்றார்கள். நம்மூர்ச் சீட்டில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைக் கல்நார், அதுவும் சிமெண்டில் இறுகியது. குருமான் குவியலும் எங்கள் பள்ளமும் ஒன்றல்ல. ஆனாலும் வெள்ளை உட்பட எல்லா வகையும் புற்றுநோய் தருவது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

1965இல் லண்டனில் மியூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்சன் என்ற இரண்டு பெண்கள் 76 நோயாளிகளின் வாழ்க்கையைத் தோண்டிப் பார்த்தார்கள். அவர்களில் 9 பேர் கல்நார் ஆலைக்குப் போகாதவர்கள், ஆனால் வீட்டில் ஒருவர் அந்த வேலைக்குப் போனார். அழுக்குச் சட்டையை உதறித் துவைத்ததுதான் அவர்களில் பெரும்பாலானோர் செய்த வேலை. என் சித்தப்பா மகனின் சட்டையை என் சித்திதான் துவைத்தார். அலசின தண்ணீர் முருங்கை மரத்தடிக்குப் போனது.

சுரங்கம் மட்டும் அல்ல, வீடும் இந்தக் கதையில் இருக்கிறது. நிறவெறி அரசு கறுப்பர்களுக்காக ஊருக்கு வெளியே டவுன்ஷிப்புகள் கட்டியது. சொவேட்டோவில் வரிசை வரிசையாக நிற்கும் தீப்பெட்டி வீடுகளின் வரைபடத்துக்கு வைத்த பெயரே 'ஐரோப்பியரல்லாதவர், 1951' என்பதன் சுருக்கம். அவற்றுக்குக் கல்நார் சிமெண்ட் கூரை. வெள்ளைக்காரர் கிணறு தனி, தெரு தனி, சுடுகாடு தனி என்று பிரித்ததைப் படிக்கும் நமக்கு விளக்கம் தேவையில்லை. ஒதுக்கிவைத்த இடத்துக்கு மலிவான கூரை. அதுவும் ஒதுக்கிவைக்கப்பட்ட மனிதரைக் கொண்டு வெட்டியெடுத்த கல்லிலிருந்து.

அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. கேப் கம்பெனி மீது லண்டன் நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டார்கள். உன் நாட்டில் போய்ப் பார்த்துக்கொள் என்றது கம்பெனி. 2000 ஜூலையில் பிரபுக்கள் சபை, இங்கேயே வழக்கு நடத்தலாம் என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 2003இல் சுமார் 7,500 பேருக்குச் சேர்த்து 75 லட்சம் பவுண்டு தருவதாகக் கம்பெனி இறங்கிவந்தது. தலைக்கு ஆயிரம் பவுண்டு கணக்கு. நுரையீரலுக்கு இதுதான் விலை என்றாலும், ஆண்டை வீட்டு வாசலிலேயே போய் நின்று கணக்குக் கேட்ட வரலாறு என்ற வகையில் நமக்கு இது முக்கியம்.

*

இனி அந்த வேலை முறைக்கு வருகிறேன். இங்கிலாந்து நீலத்தையும் பழுப்பையும் 1985இலும் வெள்ளையை 1999இலும் தடை செய்தது. ஆனால் போட்டது போட்டபடி கட்டடங்களில் இருக்கிறது. ஆக, 2000க்கு முன் கட்டின கட்டடம் என்றால் கல்நார் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். கூரைச் சீட்டில் மட்டும் அல்ல. சுவரில் பூசிய அலங்காரப் பூச்சு, குழாய்மேல் சுற்றிய உறை, தடுப்புப் பலகை, தரை ஓடு, தண்ணீர்த் தொட்டி எங்கும் இருக்கலாம்.

புதுப்பிக்கவோ இடிக்கவோ போகிற பகுதியில் முதலில் பயிற்சி பெற்ற ஆய்வாளர் ஒருவர் வருவார். சுவரைத் துளைத்து, பலகையைப் பிரித்து, மறைந்திருப்பதையும் தேடி, சந்தேகப்படும் இடத்தில் நனைத்துச் சின்னத் துண்டு எடுப்பார். ஆய்வுக்கூடத்தில் நுண்நோக்கியில் வைத்து எந்த வகை நார் என்று சொல்வார்கள். எங்கே, எவ்வளவு, என்ன நிலையில் என்று எழுத்தில் அறிக்கை. அதைப் பார்க்காமல் மேஸ்திரி சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

குழாய் உறை, தெளிப்புப் பூச்சு, தடுப்புப் பலகை போன்ற எளிதில் உதிரும் பொருள் என்றால் உரிமம் பெற்ற நிறுவனம்தான் எடுக்க வேண்டும். இந்த உரிமச் சட்டம் 1983இல் வந்தது. அதற்கு முந்தின வருடம் ஆலிஸ் ஜெஃபர்சன் என்ற பெண், சின்ன வயதில் கொஞ்ச காலம் கல்நார் ஆலையில் வேலை பார்த்து நாற்பத்தேழு வயதில் செத்துக்கொண்டிருந்தவர், தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றில் நாட்டு மக்கள் முன்னால் தன் சாவைக் காட்டினார். நாடு அதிர்ந்தது. அதன் பிறகுதான் உரிமம், கட்டுப்பாடு எல்லாம் வேகம் எடுத்தன.

உரிமம் உள்ளவர்கள் வேலை செய்யும் அறையை பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டுவார்கள். உள்ளேயிருக்கும் காற்றை வடிகட்டி வைத்து இழுத்து, தூசு வெளியே கசியாமல் பார்ப்பார்கள். ஆட்களுக்குத் தலை முதல் கால் வரை ஒரே உடுப்பு, முகத்தோடு ஒட்டிய சுவாசக் கருவி, வெளியே வரும்போது குளிக்கத் தனி வண்டி. பொருளை நனைத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு பைக்குள் கட்டி, எச்சரிக்கை ஒட்டி, அபாயக் கழிவுக்கென்று அனுமதித்த இடத்தில்தான் புதைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, வேலை செய்த நிறுவனத்தைச் சாராத ஒருவர் நான்கு கட்டமாகச் சோதித்து, காற்றையும் அளந்து, சான்றிதழ் கொடுத்தால்தான் குடும்பம் வீட்டுக்குள் நுழையலாம்.

சிமெண்ட் சீட்டுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை, பெரும்பாலும் உரிமம் தேவைப்படாது. நார் சிமெண்டில் கட்டுண்டு கிடப்பதால் உடைக்காத வரை ஆபத்து குறைவு. ஆனாலும் விதி உண்டு: உடைக்காதே, அறுக்காதே, நனை, போல்ட்டைக் கழற்று, முழுசாக இறக்கு, சரியான முகமூடி போடு, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதே. இதில் எந்த ஒன்றுக்கும் ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. ஒரு குடம் தண்ணீரும், ஸ்பேனரும், நல்ல முகமூடியும், ஒருநாள் கூடுதல் கூலியும் போதும். எங்கள் பையன்களுக்கு அது கிடைக்கவில்லை.

இத்தனை இருந்தும் இங்கிலாந்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 5,000 பேர் பழைய கல்நார் தூசால் இப்போதும் சாகிறார்கள் என்கிறது அந்த நாட்டு அரசுக் கணக்கு. அங்கே யார் இந்த வேலைக்குப் போகிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவின் நியூயார்க்கில் கல்நார் அகற்றும் தொழிலாளர்கள் 1996இல் தனிச் சங்கம் கட்டியபோது அதில் பெரும்பாலோர் போலந்திலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். 2001 செப்டம்பரில் இரட்டைக் கோபுரம் இடிந்தபின் சுற்றியிருந்த வீடுகளில் படிந்த தூசைத் துடைக்க, தெருமுனையில் நின்ற தினக்கூலிகளைத்தான், பலரைச் சரியான முகமூடிகூட இல்லாமல், அழைத்துப் போனார்கள். வெள்ளைக்காரன் தேசத்திலும் அழுக்கு வேலைக்கு என்று சில உடல்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

சட்டம் வந்தால் போதுமா என்பதற்குத் தென்னாப்பிரிக்காவே பதில். அங்கே கல்நார் 2008இல் தடை செய்யப்பட்டது. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் ஏழைகளின் வீடுகளில் கல்நார்க் கூரையைக் கணக்கெடுத்து அகற்ற 2014இல் 25.5 கோடி ரேண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அது கைமாறி 4.4 கோடிக்குப் போனது. அங்கிருந்து இன்னொரு கைக்கு 2.1 கோடிக்குப் போனது. கணக்கெடுப்பு நடந்தது, கூரை இறங்கவில்லை. ஊழல் விசாரணை ஆணையம் இதைத் தோண்டியது. முன்னாள் மாகாண முதல்வர் உட்படப் பலர் மீது போட்ட வழக்கு 2025இல் ப்ளூம்ஃபான்டைனில் விசாரணைக்கு வந்தது. அவர்கள் குற்றச்சாட்டை மறுக்கிறார்கள். தீர்ப்பு எப்படியும் வரட்டும். நிறவெறி அரசு போட்ட கூரை, மக்கள் ஆட்சி வந்து இருபது வருடம் கழித்தும் அதே தலைகளுக்கு மேலேயே இருந்தது. தாழ்த்தப்பட்டோர் துணைத் திட்ட நிதி எங்கெங்கோ போன கதை தெரிந்த நமக்கு இதுவும் தெரிந்த கதைதான்.

*

இங்கே என்ன நடந்தது? நெல்லி கெர்ஷாவை வேலைக்கு வைத்திருந்த டர்னர் பிரதர்ஸ் 1920இல் டர்னர் அண்ட் நியூவால் என்ற பெரிய கம்பெனியின் அங்கமானது. அதன் இந்திய நிறுவனம் 1934இல் மத்தியப் பிரதேசத்துக் கைமூரில் சீட்டு ஆலை தொடங்கியது. 1950களில் கோயமுத்தூர் பக்கம் போத்தனூருக்கும் வந்தது. அதாவது ரோச்டேலில் ஒரு பெண் மூச்சடைத்துச் செத்த பத்தாவது வருடத்தில், கல்நார் தூசுக்குச் சட்டம் வந்த மூன்றாவது வருடத்தில், அதே முதலாளி நம் நாட்டுக்கு வந்துவிட்டான். ஜார்க்கண்டில் ரோரோ மலையில் ஹோ ஆதிவாசிகளை வைத்துக் கல்நார் வெட்டினார்கள். 1983இல் மூடிவிட்டுப் போனார்கள். கழிவுக் குவியலை அள்ளாமலே போய்விட்டார்கள்.

1995 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. தொழிலாளியின் உடல்நலம் வாழும் உரிமையின் பகுதி என்றது. கல்நார்த் தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டை 40 வருடம் பாதுகாக்க வேண்டும், நோய் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதுவும் ஒரு கோடு போட்டது. ஆலையின் பதிவேட்டில் பெயர் இருப்பவர் கோட்டுக்கு உள்ளே. சீட்டு அறுக்கிற மேஸ்திரி, சம்மட்டி அடிக்கிற பையன், சட்டை துவைக்கிற என் சித்தி, இவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? 1931இல் இங்கிலாந்தில் போட்ட அதே கோடு.

நாட்டில் கல்நார் வெட்டப் புதிதாக அனுமதி கொடுப்பதை அரசு நிறுத்திக்கொண்டது. வாங்குவதை நிறுத்தவில்லை. உலகத்தில் அதிகம் இறக்குமதி செய்யும் நாடுகளில் முன்வரிசையில் நிற்கிறோம். 2011இல் கல்நாருக்கு முழுத் தடை கேட்ட மனுவை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே வருடம் ஜெனீவாவில், வெள்ளைக் கல்நாரை அபாயப் பட்டியலில் சேர்க்கச் சம்மதம் என்று இந்திய அரசு சொன்னது. 2013இல் அந்தச் சம்மதத்திலிருந்து பின்வாங்கியது. கனடாவின் கதை இன்னும் வேடிக்கை. தன் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து கல்நாரைப் பத்திரமாக அகற்றும் வேலை நடந்த காலத்திலேயே, சுரங்கம் 2011இல் நிற்கும் வரை, நமக்குக் கல்நார் விற்றுக்கொண்டிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் வைத்திருந்த சுரங்க ஊர் அவமானம் தாங்காமல் 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. பொருள் மட்டும் நம் கூரையில் இருக்கிறது.

*

இதையெல்லாம் காலனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொன்னேன். ஆயா இப்போது இல்லை. நைனா கேட்டார்: "செரி, பிரிச்சிப் போட்டுடலாம். அப்புறம் மேல எதப் போடறது? மறுபடியும் கீத்தா?" என்னிடம் உடனே பதில் இல்லை. 2009இல் கேரள மனித உரிமை ஆணையம் பள்ளிக்கூடங்களில் கல்நார்க் கூரையை மாற்றச் சொன்னது. பள்ளிக்கூடத்துக்கு அரசு இருக்கிறது. எங்கள் சமையல்கட்டுக்கு யார் இருக்கிறார்கள்?

இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். எரியாது என்று ஆயா நம்பிய கூரை நம்மைக் காப்பாற்றவும் இல்லை. நெருப்பின் சூட்டில் சிமெண்ட் சீட்டு படபடவென்று வெடிக்கும், கல் விழுந்தால் நொறுங்கும். 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்து இரண்டு சேரிகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். கொளுத்த வருகிறவனை நிறுத்தாமல் கூரையை மட்டும் மாற்றினால் எந்தக் கூரையும் தாங்காது.

சும்மா தலைக்கு மேலே கிடக்கிற உடையாத சீட்டுக்குக் கீழே படுத்திருப்பவர்கள் இன்றே பயந்து ஓட வேண்டியதில்லை. அதை உடைப்பவரும் அறுப்பவரும்தான் முதல் ஆபத்தில் இருப்பவர்கள். அந்த வேலை சாதி பார்த்து வருகிறது. சாக்கடைக்குள் இறங்க மனிதரைத் தேடும் அதே கண்தான் கூரை உடைக்கவும் ஆள் தேடுகிறது. மெஷின் இருக்கிறது, முகமூடி இருக்கிறது, முறை இருக்கிறது. அதைவிட மலிவாக ஒரு உடம்பு கிடைக்கிறது என்பதால் எதுவும் வருவதில்லை.

ஆக, நாம் கேட்க வேண்டியது இவை. பழைய வீட்டையும் கட்டடத்தையும் இடிக்கவோ புதுப்பிக்கவோ அனுமதி கொடுக்கும்முன் கல்நார்ச் சோதனை அறிக்கையை நகராட்சியும் ஊராட்சியும் கேட்க வேண்டும். பிரிக்கும் வேலையில் பயிற்சியும் கருவியும் கொடுக்காமல் ஆள் இறக்குவது குற்றமாக வேண்டும். பிரித்த சீட்டைக் கூலியாகவோ தானமாகவோ சேரிக்குள் தள்ளுவதும், சில்லைச் சேரிப் பாதையில் கொட்டுவதும் நிற்க வேண்டும். கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் இந்த வேலை செய்தவர் பெயர் தனியாகப் பதிவாக வேண்டும், நெஞ்சுப் பரிசோதனை நடக்க வேண்டும். சீட்டு வீடுகளுக்கு மாற்றுக் கூரை அரசு செலவில் வர வேண்டும். கூரையை இறக்கச் சொல்கிறவன் மறு கூரைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

அதுவரை நாமே செய்யக்கூடியதைச் செய்யத் தொடங்கியிருக்கிறோம். பாதையில் கிடந்த சில்லுகளைப் பிள்ளைகளை அண்டவிடாமல் தண்ணீர் தெளித்துப் பொறுக்கி, சாக்குக்குள் சாக்காகக் கட்டி வைத்தோம். எங்கே கொடுப்பது என்று கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதினோம். காலனியில் கூரை வேலைக்குப் போகிறவர்கள், போன இடம், நாள், என்ன வேலை என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர் எழுதி வருகிறோம். முதல் பெயர் என் சித்தப்பா மகனுடையது. "எதுக்குண்ணே இதெல்லாம்?" என்று கேட்டான். நாற்பது வருசம் கழிச்சி யாராவது கேட்டா காட்டறதுக்கு என்றேன். கையெழுத்துப் போட்டான்.